அண்ணியின் பையில் வெங்காயம்

எங்கள் அண்ணிக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் 'என்ன இருந்தாலும் ஒரே குடும்பம்' என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வரவேண்டாம்.

வயதில் அவள் என்னைவிடச் சின்னவள். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்ததால் முறையில் பெரியவள் ஆகிவிட்டாள். அதனால் முகத்துக்கு நேரே 'வாங்க, போங்க' என்றுதான் பேசியாக வேண்டும். முதுகுக்குப் பின்னால் அந்தக் கட்டாயம் கிடையாது. அவள் இதைப் படிக்கப்போவதில்லை, அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

இரண்டு அறை வீடு. நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். குளியலறை ஒன்று, துணி காயப்போடும் கொடி ஒன்று, உருப்படியாக வேலை செய்யும் பிளக் பாயிண்ட் ஒன்று. காலையில் என் வண்டி பேட்டரி சார்ஜ் ஏறவேண்டும், அவள் தொழிலுக்கு வேண்டிய மெழுகு டப்பாவும் சூடாகிறதா என்று பார்க்கவேண்டும். சண்டைக்கு இது போதாதா? சண்டை வந்தால் அவள் என்னிடம் பேசமாட்டாள். வாளியிடம் பேசுவாள்.

"ஏ வாளி, பொண்டாட்டி புள்ளையா இருக்கு, இவ்வளவு நேரம் குளிக்கறதுக்கு? ஒத்த ஒடம்பக் கழுவ இம்புட்டு தண்ணியா?"

நான் தடுப்புப் பலகையிடம் பதில் சொல்வேன். "பலகையே, ஊரான் வீட்டு முடியெல்லாம் ஒட்டின துண்ட என் சட்டைமேல காயப்போடறாங்க. நீயே கேளு."

அண்ணன் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவன். நாள் முழுக்க அனலில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு வீட்டுச் சூடு உறைக்காது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான்.

அவள் தொழில் வீட்டுக்கு வீடு போய் அழகுபடுத்துவது. பெரிய கம்பெனி ஒன்றின் ஆப்பில் வேலை. எங்கோ ஒரு வீட்டம்மா போனில் அழுத்தினால் இவள் போனில் மணி அடிக்கும். ரோஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு ஆளையே மடக்கி வைத்துவிடலாம் போன்ற பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவாள். பைக்குள் மெழுகு டப்பா, துணிப்பட்டை, முகத்துக்கு ஆவி பிடிக்கும் மெஷின், விரிப்பு, துண்டு, புருவம் எடுக்கும் நூல். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம் என்றால் அத்தனையும் படியேறும். வீட்டம்மாவின் காலில் மெழுகைத் தடவி, பட்டையை ஒட்டி, முடியோடு சர்ரென்று உரிக்கவேண்டும். வலித்தது என்று அந்தம்மா ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தால் இவளுக்கு அடுத்த வாரம் வேலை குறையும். உரித்தால் வலிக்கும் என்பது அந்தம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் குறைப்பாள்.

இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. முதலில் ஒரு பார்லரில் தரை கூட்டிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் தலையிலிருந்து விழுந்த முடியைக் கூட்டுவதுதான் உத்தியோகம். கூட்டிக்கொண்டே பார்த்தாள். வீட்டுக்கு வந்து நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அண்ணனைப் படுக்க வைத்துப் பழகினாள். கொஞ்ச நாள் அண்ணன் பென்சிலால் கோடு போட்ட மாதிரி புருவத்தோடு இஸ்திரிக் கடைக்குப் போய்வந்தான். கேட்டவர்களிடம் அனல் பட்டுக் கருகிவிட்டது என்றான். அப்படிக் கற்றுக்கொண்டு, பரீட்சை கொடுத்து, கைக்காசு போட்டுச் சாமான் வாங்கி, அந்தக் கம்பெனியில் ஒரு ஐடி வாங்கினாள். அதற்குப் பிறகு தரை கூட்டவில்லை. அந்த ஐடி மட்டும் இல்லையென்றால் மறுபடி துடைப்பத்தைத்தான் எடுக்கவேண்டும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையான மெழுகும் கிரீமும் சீல் வைத்த காக்கிக் கவரில் வரும். வீட்டம்மாவின் கண்ணெதிரில்தான் சீலை உடைக்கவேண்டும். உடைக்குமுன் போனில் படம் பிடித்து அனுப்பவேண்டும். பழைய கிரீமை அடைத்து ஏமாற்றுகிறார்கள் என்று எங்கோ யாரோ புகார் செய்ததால் வந்த சட்டம். வழியில் சீல் கிழிந்திருந்தால் கேள்வி கிடையாது, ஐடியை மூடிவிடுவார்கள். அதனால் அந்தப் பெண்கள் கவருக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் அதே கம்பெனியின் பச்சைச் சட்டை. பால், காய்கறி, டயப்பர் என்று எது கேட்டாலும் கிடங்கிலிருந்து எடுத்துப்போய்க் கொடுக்கிறவன். சட்டை வேறு, ஆப் வேறு, முதலாளி ஒருவன்தான். ஒருமுறை நான் பொட்டலம் கொண்டுபோன வீட்டில் கதவைத் திறந்தவளே எங்கள் அண்ணிதான். உள்ளே வீட்டம்மா முகத்தில் எதையோ அப்பிக்கொண்டு படுத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அங்க வச்சிட்டுப் போங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். வேலை நேரத்தில் சொந்தக்காரர்களை வாடிக்கையாளர் வீட்டு வாசலில் சந்திக்கக்கூடாது என்று அவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். இருக்கட்டும். ஒரு கண்ணசைவுக்குக்கூடவா தடை? அன்றைக்குப் பிடித்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பெனி எங்கள் கூலியில் கை வைத்தது. ஒரே கட்டடத்துக்கு இரண்டு பொட்டலம் போனால் இனி அது ஒரே டெலிவரி என்றார்கள். பத்தாவது மாடிக்கு ஒன்று, பின்பக்கத்துக் கட்டடத்தின் எட்டாவது மாடிக்கு ஒன்று என்றாலும் வாசல் கேட் ஒன்றுதானே, ஆகவே ஒன்று. கால் இரண்டு இருக்கிறதே, அதையும் ஒன்றாக்கிவிடுங்களேன் என்று கேட்டேன். கேட்டது மேற்பார்வையாளனிடம். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு. என்ன சொன்னாலும் சிரிப்பான். வேலையிலிருந்து நீக்கும்போதும் அதே சிரிப்புதான்.

ஒருநாள் காலை பச்சைச் சட்டைகள் அத்தனை பேரும் கிடங்கு மதிலோரம் உட்கார்ந்துவிட்டோம். கோஷம் போடவில்லை. ஆப்பை மூடினால் 'வேலைக்கு வராதவன்' என்று அந்த வாரத்து ஊக்கத்தொகையை வெட்டிவிடுவான். அதனால் ஆப்பைத் திறந்தே வைத்தோம். ஆர்டர் மணி அடிக்கும், நாங்கள் எடுக்கமாட்டோம், அது அடுத்தவன் போனுக்குத் தாவும், அவனும் எடுக்கமாட்டான். மதில் முழுக்க மணி ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே பொட்டலம் மலை மாதிரி குவிந்தது. பார்க்க வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் மலை கரைய ஆரம்பித்தது. யார் எடுத்துப் போகிறார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. முன்வாசலை நாங்கள் அடைத்துக்கொண்டிருக்கிறோம். பின்வாசலில் வழக்கம்போல ரோஸ் சட்டைப் பெண்கள் தங்கள் காக்கிக் கவர்களை வாங்கிக்கொண்டு போனார்கள். வேறு ஈ காக்கை இல்லை.

எங்களில் ஒருவனுக்கு ஹெல்மெட் என்று பேர். டீ குடிக்கும்போதும் தலையிலிருந்து அதைக் கழற்றமாட்டான், அதனால் வந்த பேர். அவன்தான் முதலில் கவனித்தான். பின்வாசலிலிருந்து வந்த ஸ்கூட்டர் ஒன்றின் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக வெள்ளையாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தது எங்கள் அண்ணி.

நாலைந்து பேர் போய் ஸ்கூட்டரை மறித்தோம்.

"அதென்னம்மா, அழகு சாமான் வெள்ளையா ஒழுகுது?" என்றான் ஹெல்மெட்.

"கண்டிஷனரா இருக்கும். வழிய விடுங்க, வீட்டம்மா காத்திருக்காங்க."

"கண்டிஷனர நாய் நக்குமா?"

நாய் நக்கிக்கொண்டுதான் இருந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் வீட்டு ஆள்தானே, நீயே கேள் என்கிற பார்வை. நான் கேட்கவில்லை. அவள் பையிலிருந்து ஈரமாயிருந்த காக்கிக் கவரை உருவி, சீலோடு சேர்த்துக் கிழித்தேன். உடைந்த பால் பாக்கெட் ஒன்று விழுந்தது. வெங்காயம் நாலு பக்கமும் உருண்டது. கடைசியாகப் பூனைப் படம் போட்ட டின் ஒன்று வந்து விழுந்தது.

அப்போது அவள் வாளியையும் தேடவில்லை, சுவரையும் தேடவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"யாரக் கேட்டுக் கிழிச்சீங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு பாருங்க மொதல்ல."

"என்ன வேணா இருக்கட்டும். அது என் ஐடிமேல இருக்கற சீல். அது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் கிழித்தேன். வேலையை நிறுத்திவிட்டு நாங்கள் வெயிலில் உட்கார்ந்திருக்க, எங்கள் வேலையை ஒருத்தி பையில் போட்டுக்கொண்டு போகிறாள் என்றால் கேட்டுக் கேட்டுக் கிழிக்க எனக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்கும் அதே கவரைக் கொண்டுவந்தால் அப்படியேதான் கிழிப்பேன்.

ஹெல்மெட் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே கேட்டான். "இத தூக்கறதுக்கு ஒனக்கு எவ்வளவும்மா தர்றான்?"

"தர்றதா? வாடிக்கையாளர் பரிசு, போற வழியில பக்கத்து வீட்டு வாசல்ல வச்சிடுங்கன்னு ஆப்புல வந்துச்சு. பரிசு குடுக்கறதுக்கு எவன் கூலி தருவான்?"

"சும்மாவா தூக்கறீங்க?" என்றேன்.

"எடுக்கலேன்னா அடுத்த புக்கிங் வராது."

யாரோ சிரித்தார்கள். இரண்டை ஒன்றாக்கிவிட்டான் என்று நாங்கள் மதிலோரம் காய்கிறோம், இவர்களுக்கு அதே வேலையைச் சைபர் ஆக்கி வைத்திருக்கிறான். சிரிப்பு வரத்தான் செய்யும். அவளுக்கு வரவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க. என்னைய சும்மா சுமக்க வச்சவன் உள்ள ஏசியில உக்காந்திருக்கான். அவன மறிக்கத் துப்பில்ல, என் ஸ்கூட்டர மறிக்க வந்துட்டீங்க."

"நீங்க சுமக்கறதுனாலதான் அவன் ஏசியில உக்காந்திருக்கான்" என்றேன்.

அவள் கிழிந்த கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். டின் போய்ச் சேராத பூனைக்காரி வீட்டிலிருந்து புகார் போயிருக்கும். மத்தியானத்துக்குள் அவளுடைய ஐடி மூடிவிட்டது.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது பால் நாற்றம் அடிக்கிற துண்டுகளைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். அடித்த அடி ஒவ்வொன்றும் எனக்கு என்று தெரிந்தது.

"ஏ வாளி, சேதி தெரியுமா? இன்னைக்கு இந்த வீட்டுல ஒருத்தியோட பொழப்பு போச்சு. யாரால போச்சுன்னு கேளு. அந்நியன் இல்ல. இதே கொடியில துணி காயப்போடற ஆளு."

நான் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவள் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். சிரிப்பின் குரல் பலகையைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"அக்கா, ஒண்ணும் கவலப்படாதீங்க. நாளைக்குக் காலையில கிடங்கு வாசலுக்கு வாங்க. ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாம். யாரு கையப் பிடிச்சு இழுத்தது, யாரு கவரப் பறிச்சதுன்னு ஆளக் காட்டிச் சொல்லிடுங்க. அங்கயே ஒங்க ஐடியத் தொறந்துடறேன்."

"கைய யாரும் பிடிக்கலையே."

"பறிச்சாங்கள்ல? கையில இருந்துதான பறிச்சாங்க? லேடீஸ் சொன்னா போலீஸ் நம்பிடுவாங்கக்கா. ஒரு ஆள் உள்ள போனா போதும், மத்தவங்கல்லாம் எந்திரிச்சு வேலைக்கு வந்துடுவாங்க."

தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள். "சரி, காலையில வர்றேன்."

அண்ணன் அன்றைக்குத்தான் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "அது என் தம்பிடி" என்றான்.

"தெரியும். ஒங்க தம்பிங்கறதுனாலதான் காட்டிக் குடுக்கணும்னு இன்னும் ஆசையா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் போனை வாயருகே வைத்துக்கொண்டு யாருக்கோ வெகுநேரம் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள். தணிந்த குரல். பலகைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் சரியாக விழவில்லை. வெங்காயம் என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

காலையில் ஹெல்மெட் போன் செய்தான். "வராத. எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடு" என்றான். எனக்கு இருக்கிற சொந்தக்காரர்களே இவர்கள்தான். கிளம்பிப் போனேன். அவள் என்னைக் காட்டுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் காட்டியிருப்பேன். ஓடி ஒளிந்தேன் என்ற பேரையும் சேர்த்து அவளுக்குக் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

கிடங்கு வாசலில் சிரிப்பு போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் காவலாளி. அவள் தேய்த்த ரோஸ் சட்டையோடு, பையோடு, வேலைக்குப் போகிற கோலத்தில் வந்திருந்தாள்.

"சொல்லுங்கக்கா, நேத்து யாரு என்ன பண்ணாங்க?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தா நிக்கறாரே, இவரு இருக்காரு பாருங்க, இவருக்கு நல்ல புத்தியே கெடையாது" என்றாள்.

சிரிப்பின் போன் உடனே என் பக்கம் திரும்பியது.

"குளிச்சா தண்ணிய வழிச்சு விடமாட்டாரு. நான் துண்டு காயப்போடற எடத்துல ஈர ரெயின்கோட்டத் தொங்க விடுவாரு. சொன்னா ஒறைக்காது. எங்க வீட்டுக்காரர் கூடப் பொறந்த பாவத்துக்கு நானும் சகிச்சுக்கிட்டு கெடக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாம்க்கா. கவர யாரு கிழிச்சது?"

"கவர நான்தான் கிழிச்சேன்."

சிரிப்பு போனைத் தாழ்த்தவில்லை. முகத்துச் சிரிப்பும் போகவில்லை. ஆனால் கண்ணில் மட்டும் அது இல்லை.

"பால் ஒழுகி என் துண்டெல்லாம் நாறுது, கிழிச்சேன். பாத்தா வெங்காயம், பூனச்சோறு. பரிசுன்னுதான குடுத்தீங்க? எந்த வீட்டம்மாவுக்கு சார், புருவம் எடுத்துட்டு பூனச்சோறு பரிசாத் தருவாங்க? உள்ள என்ன இருக்குன்னு சொல்லாம, கூலியும் குடுக்காம, சீல் கிழிஞ்சா ஐடி போயிடும்னு பயமுறுத்தியே எங்கள சுமக்க வச்சீங்க. அதையும் அந்த வீடியோல எடுத்துக்கோங்க."

"அக்கா, நேத்து போன்ல நீங்க வேற மாதிரி சொன்னீங்க."

"வர்றேன்னு சொன்னேன். வந்துட்டேன்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, பின்வாசல் பக்கம் சத்தம் கேட்டது. ரோஸ் சட்டைகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முந்தைய நாள் போன குரல் பதிவு அவர்களுக்குத்தான். தரப்பட்ட காக்கிக் கவர்களை யாரும் தொடவில்லையாம். 'வாங்கறவங்க கண்ணெதிர்லதான சீல ஒடைக்கணும், இப்ப நாங்கதான வாங்கறோம், ஒடைச்சுக் காட்டுங்க' என்று கேட்டிருக்கிறார்கள். உடைக்கவில்லை. கேட்டவர்கள் ஐடி எல்லாம் நின்ற இடத்திலேயே மூடிவிட்டது.

உடனே எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்று நினைக்கவேண்டாம். பச்சை ஒரு பக்கம், ரோஸ் ஒரு பக்கம், நடுவில் நாய் படுத்துக்கொள்கிற அளவு இடம். இவர்கள் சுமக்கவில்லையென்றால் முதல் நாளே முடிந்திருக்குமே என்று எங்களில் ஒருவன் காதில் விழும்படி சொன்னான். இவர்கள் ஸ்கூட்டரை மறித்த லட்சணத்துக்கு இவர்கள் பக்கத்தில் வேறு நிற்கவேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். அவள் முகம் திருப்பிய வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்கும்.

மத்தியானம் எங்கள் போன்களில் மட்டும் ஒரு செய்தி வந்தது. ஹெல்மெட் உரக்கப் படித்தான். இனி இரண்டு பொட்டலம் இரண்டாகவே கணக்கிடப்படும். பழைய கூலி திரும்பி வந்துவிட்டது. மதிலோரம் விசில் பறந்தது. நானும் விசிலடித்தேன். அவன் தொடர்ந்து படித்தபோது விசில் அடங்கியது. 'பொருட்களைச் சேதம் செய்தது அழகுசேவைப் பெண்களே என்றும், எனக்கு அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன்.' கீழே ஒரே ஒரு பொத்தான், சம்மதம். வேண்டாம் என்று சொல்லப் பொத்தானே வைக்கவில்லை. அதை அழுத்தாமல் ஆப்புக்குள் போகமுடியாது.

"இதுல என்ன பொய்யி இருக்கு? அந்தம்மாவே வாயால சொன்னாங்க, நான்தான் கிழிச்சேன்னு. வீடியோவே இருக்கு" என்றான் ஒருவன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை எடுத்து அவள் தலையிலேயே போடுகிறார்கள். அவள் தலையில் மட்டுமா, அங்கே நிற்கிற அத்தனை ரோஸ் சட்டைகள் தலையிலும்.

"கிழிச்சது நான்டா" என்றேன். "நீ பக்கத்துலதான நின்ன. வெங்காயம் ஒன் கால்லதான வந்து இடிச்சுச்சு. இப்ப மறந்து போச்சா?"

ஹெல்மெட் என் தோளைப் பிடித்தான். "கேட்டது கெடச்சிருச்சுல்ல? ஒங்க அண்ணிக்காக எங்க வீட்டு அடுப்பு அணையணுமா?"

"எனக்கு அந்தம்மாவக் கண்டாலே ஆகாது. ஊருக்கே தெரியும். அதுக்காக இத அழுத்த முடியுமா? நாளைக்கு மறுபடி கூலியக் கொறைப்பான். மறுபடி இங்கதான் வந்து உக்காருவோம். மூட்டைய யாரு தலையில ஏத்துவான்? இவங்க தலையிலதான். இன்னைக்கு நாம இவங்களக் காட்டிக் குடுத்தா அன்னைக்கு இவங்க தூக்குவாங்களா மாட்டாங்களா? நானா இருந்தா தூக்குவேன். ரெண்டு ரெண்டா தூக்குவேன்."

ஒருத்தன் என்னை அடிக்கவே வந்தான். சிலர் அழுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். ஒருவனுக்கு வீட்டில் கைக்குழந்தை, அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஹெல்மெட் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒன் பேச்சக் கேட்டு நாசமாப் போகப் போறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததைப் பார்த்து நிறையப் பேர் உட்கார்ந்தார்கள்.

போனவர்கள் கை பத்தவில்லை. மறுநாள் காலை கிடங்குக்குள்ளிருந்து புளித்த பால் வாடை வெளியே வந்தது. சிரிப்பே தன் காரில் பொட்டலங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போய்வந்தான். மூன்று முறை மாடி ஏறி இறங்கிய பிறகு அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததை முதல் தடவையாகப் பார்த்தோம். மத்தியானம் எங்கள் போனிலிருந்து அந்த உறுதிமொழி காணாமல் போனது. சம்மதம் என்ற பொத்தானும் போனது. பழைய கூலி மட்டும் நின்றது. யாரையும் காட்டிக்கொடுக்காமலே இப்போது வேலைக்குப் போகலாம்.

அதே நேரம் எங்கள் அண்ணியின் போனும் மணி அடித்தது.

சிரிப்பு வெளியே வந்தான். அவன் பார்வை ரோஸ் சட்டைகளைத் தாண்டி நேராக அவளிடம் போய் நின்றது. "அக்கா, மேலிடத்துல பேசி ஒங்க ஐடி மட்டும் தொறக்க வச்சிட்டேன். பெரிய புக்கிங் ஒண்ணு போட்டிருக்கேன், மொதலாளி வீட்டுக்குத் தெரிஞ்சவங்க. கெளம்புங்க. மத்தவங்களோடத அப்பறம் பாக்கலாம்."

அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? தரை கூட்டி, புருவத்தில் பழகி, பரீட்சை கொடுத்து வாங்கிய ஐடி. மணியை விட்டுவிட்டால் திரும்பவும் மூடிவிடும், இந்தத் தடவை மூடினால் திறக்காது. அது அவளுக்குத்தான் எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அவள் பையைத் தூக்கித் தோளில் போட்டாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். மனசுக்குள் திட்டவும் ஆரம்பித்துவிட்டேன். அவள் ஸ்கூட்டர் பக்கம் போகவில்லை. பச்சைக்கும் ரோஸுக்கும் நடுவிலிருந்த அந்த இடத்துக்கு வந்து, நாயை விரட்டிவிட்டு, பையை இறக்கி வைத்தாள்.

"எல்லாரோடதும் தொறங்க சார். சேந்து கெளம்பறோம்" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளித்தான் உக்காருங்களேன். மதிலு என்ன ஒங்களுக்கே எழுதி வச்சிருக்கா?"

தள்ளி உட்கார்ந்தேன். அவள் உட்கார்ந்து போனைத் தரையில் வைத்தாள். அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த என் போனிலும் ஆர்டர் வந்து அடிக்க ஆரம்பித்தது, முழுக் கூலி ஆர்டர். அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.